காலண்டர் மாட்டியிருந்த இடம்

பைபிளில் ஒரு ராஜா உண்டு. எதிரியின் ஆடுமாடு ஒன்றையும் மிச்சம் வைக்காதே என்று கடவுள் சொல்லியும் கொழுத்ததையெல்லாம் ஒதுக்கிக்கொண்டு, சொன்னபடியே செய்துவிட்டேன் என்று தீர்க்கதரிசியிடம் சாதித்தவன். ஆடு கத்திக் காட்டிக்கொடுத்துவிட்டது. அப்பாவுக்குப் பிடித்த பகுதி அதுதான். வில்லாபுரம் வீட்டில் குடும்ப ஜெபத்தில் அதை வாசித்து வாசித்து எங்களுக்கே மனப்பாடம். "முக்காவாசி கீழ்ப்படியிறதுக்குப் பேரு கீழ்ப்படியிறது இல்ல" என்பார்.

அதே அப்பாதான், சாதிச் சான்றிதழ் விசாரணைக்கு வி.ஏ.ஓ. வருகிறார் என்றால் பைபிள் வசனக் காலண்டரைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளுவார். அம்மா பொட்டு வைத்துக்கொள்வாள். கிறிஸ்தவர்கள் என்று தெரிந்தால் எஸ்.சி. கிடையாது, பி.சி. என்று எழுதிவிடுவார்கள். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இதுதான் வழக்கம். எனக்குச் சான்றிதழ் கிடைத்ததும், அதை வைத்து அரசு வேலை கிடைத்ததும் இப்படித்தான்.

தங்கைக்கு நர்சிங் சீட்டுக்கு அதே சான்றிதழ் வேண்டியிருந்தது. வந்த வி.ஏ.ஓ., சுவரில் காலண்டர் இருந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்ததைப் பார்த்தார். நல்ல மனிதர், பார்க்காததுபோல் இருந்துவிட்டார். பேச்சுக்கு அவளிடம், "எந்தக் கோயிலுக்கும்மா போவீங்க?" என்றார். ஏதாவது ஒரு கோயிலைச் சொல்லியிருந்தால் முடிந்தது.

"சர்ச்சுக்கு சார்" என்றாள்.

சீட் போயிற்று. என் வேலையைக் கிளறாமல் விட்டது அந்த மனிதரின் புண்ணியம்.

"ஒன்னய யாருடி வாயத் தொறக்கச் சொன்னா?" என்று அப்பா கத்தினார்.

"நீங்கதானப்பா" என்றாள். குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே குழம்பிப்போய்ச் சொன்னாள். அதற்குப் பிறகு அப்பா ஒரு மாதம் அவளிடம் பேசவில்லை.

இன்று அவனியாபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறாள். கால் நரம்பெல்லாம் சுருண்டுவிட்டது. அப்பா இன்னமும் சபையில் அந்த ராஜாவைப் பற்றிப் பேசுகிறார். அவரை மட்டும் சொல்வானேன், வாயை மூடிக்கொண்டு சம்பளம் வாங்குகிறவன் நான்.

போன வாரம் என் மகளின் சான்றிதழுக்கு விசாரணை. கடைக்குப் போகும் வழியில் தங்கை என் வீட்டுக்கு வந்தாள். ஒன்றும் கேட்காமல் ஸ்டூல் போட்டு ஏறி, வசனக் காலண்டரைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். பையிலிருந்து தன் கடையின் முருகன் காலண்டரை எடுத்து அதே ஆணியில் மாட்டினாள்.

"வெளுத்த எடம் தெரியக் கூடாதுண்ணே" என்றாள்.

மகள் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஸ்டூல் ஆடாமல் பிடித்துக்கொண்டேன்.