விளக்கேற்றாத வீட்டில் ஒரு மங்கு உப்பு

உப்பில்லாத மரவள்ளிக்கிழங்குக் கஞ்சியை நீங்கள் குடித்திருக்க மாட்டீர்கள். வாயில் இருக்கும்வரை பசை மாதிரி வழவழவென்று சுற்றிக்கொண்டிருக்கும், விழுங்கப் போகும் நேரத்தில் குமட்டிக்கொண்டு மேலே வரும், "முழுங்குடி, மூச்சப் புடிச்சிக்கிட்டு முழுங்கு" என்று அம்மா முதுகில் தட்டுவாள். ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் பசியைப் பற்றித்தான் பேசுவார்கள், நானும் பேசியிருக்கிறேன். உப்பைப் பற்றி மட்டும் இத்தனை வருஷமாக யாரிடமும் வாய் திறந்ததில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

சுங்கை லாலாங் பக்கம், கித்தாக்காட்டுக்கு, அதாவது ரப்பர் மரங்களுக்கு, நடுவே இருந்தது எங்கள் தோட்டம். தோட்டத்துக்கு ஒரே ஒரு கடை. அரிசி, பருப்பு, கருவாடு, மிளகாய், மண்ணெண்ணெய், வெற்றிலை, பண்டிகைக்குத் துணி என்று எல்லாம் அந்த ஒரு பலகைக் கதவுக்குள்ளிருந்துதான் வர வேண்டும். கித்தா மரம், நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயம், கடை, கோயில் என்று நாலு இடத்துக்குள் முடிந்துவிடும் எங்கள் சனத்தின் உலகம். பெரியவர்களிலேயே பாதிப் பேருக்குப் பட்டணத்துப் "பாசார்" சந்தைக்குப் போகும் வழி தெரியாது. ஜப்பான்காரன் வருகிறான் என்று வெள்ளைக்காரத் துரை மூட்டைமுடிச்சோடு காரில் ஏறிப் போன மறுநாள் கடைக்காரரும் பலகைகளை மாட்டிப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார். நம் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பையைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் அந்தப் பூட்டிய கடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். "எங்க போயிடுவாரு, சாமான் எடுக்கப் போயிருப்பாரு, வந்துருவாரு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த மூன்று நாளில் பட்டணத்துக்காரர்கள் பட்டணத்துக் கடைகளை வழித்துத் துடைத்து முடித்துவிட்டார்கள். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

பெண்டாங் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் நெல் விளைந்து கிடக்கிறது என்று சொல்வார்கள். விளைந்து என்ன, அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு சுண்டு அரிசியை இந்தப் பக்கம் கொண்டுவர முடியாது. நாங்கள் லயத்துக்குப் பின்னால் மரவள்ளிக் குச்சியை ஊன்றிவிட்டுக் காத்திருந்தோம். கிழங்கும் கீரையும் மண் கொடுத்துவிடும், உப்பை மண் கொடுக்காதே! ஆண்களில் வலுவானவர்களைச் சயாமுக்கு ரயில் ரோடு போட என்று லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். என் அப்பாவும், மூன்று வீடு தள்ளியிருந்த மரியா சின்னம்மாவின் புருஷனும் ஒரே லாரியில் போனார்கள். அப்போது எனக்கு ஒன்பது வயது, என் தம்பிக்கு ஐந்து. மரியா சின்னம்மாவின் மகன் சூசைக்கு மூன்று வயதுகூட நிறையவில்லை.

உப்புக்காக அம்மா கல்யாணத்துக்கு வந்த பித்தளைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு இன்னும் இரண்டு பெண்களோடு கடற்கரைக்கு நடந்தாள். அங்கே கடல்தண்ணீரைக் காய்ச்சி உப்பு எடுத்துக்கொண்டிருந்தார்களாம். போக ஒரு நாள், வர ஒரு நாள். குடம் போய், ஒரு சின்னத் துணி மூட்டையில் ஈரமும் மண்ணுமாகப் பழுப்பு நிறத்தில் உப்பு வந்தது. மறுதடவை அந்த இரண்டு பெண்கள் மட்டும் போனபோது வழியில் காவலுக்கு நின்றவர்கள் உப்பைப் பிடுங்கிக்கொண்டு அடித்தும் அனுப்பினார்கள், அதோடு யாரும் போகவில்லை. எங்கள் வீட்டில் மிஞ்சியதை அம்மா கித்தாப் பால் பிடிக்கும் பீங்கான் மங்கு ஒன்றில் போட்டு, இலையால் மூடி, அடுப்புக்கு மேலே பரணில் வைத்தாள். "இது உனக்கும் தம்பிக்கும். யாரு கேட்டாலும் இல்லன்னுதான் சொல்லணும், புரியுதா?" என்றாள். புரிந்தது. அளவுக்கு மேலேயே புரிந்துவிட்டது.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தியில் விளக்கு வைத்துவிட்டால் வீட்டு உப்பை வெளியே கொடுக்கக் கூடாது; உப்பு லட்சுமி, அவள் அந்த நேரத்தில் படியிறங்கினால் வீட்டுக்கு ஆகாது. மரியா சின்னம்மா வேதக்காரக் குடும்பம், அவர்கள் வீட்டில் மாதா படம்தான். ஆனால் லயத்திலேயே பிறந்து எங்களோடு வளர்ந்தவள், எங்கள் வழக்கம் ஒன்றையும் மீற மாட்டாள். நல்ல காலத்தில் புளியோ உப்போ கேட்டு வந்தால்கூட வாசலுக்கு வெளியே நின்று, "விளக்கு வச்சாச்சாக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவாள்.

அன்றைக்கும் அப்படித்தான் நின்றாள். பொழுது சாய்ந்து மரங்களுக்கு இடையில் இருட்டு இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா கிணற்றடிக்குப் போயிருந்தாள். சூசைக்கு இரண்டு நாளாக வாந்தியும் பேதியும் என்று லயம் முழுக்கத் தெரியும். ஆஸ்பத்திரி டிரசர் கையை விரித்துவிட்டு, "மருந்து இல்லம்மா, கஞ்சித்தண்ணியில உப்பப் போட்டு ஊத்திக்கிட்டே இரு, அதான் இப்ப மருந்து" என்று சொன்னதும் எனக்குத் தெரியும். சின்னப் பிள்ளை, விவரம் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிவிட எனக்கும் ஆசைதான். விவரம் தெரியும்.

"பாப்பா, விளக்கு வச்சாச்சா?" என்று கேட்டாள்.

"வச்சாச்சு, சின்னம்மா."

எங்கள் வீட்டில் விளக்கு எரிந்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. தேங்காயெண்ணெயும் கிடையாது, மண்ணெண்ணெயும் கிடையாது. அம்மா அந்தி நேரத்தில் வெறும் விளக்கைத் துடைத்து வைத்துக் கும்பிடுவாள், அவ்வளவுதான். துடைத்து வைத்ததும் விளக்கு வைத்த கணக்குத்தானே என்று பிற்பாடு என் மனசுக்கு நானே எத்தனையோ முறை வக்காலத்து வாங்கியிருக்கிறேன். எனக்குப் பின்னால் வீடு இருண்டு கிடந்தது. சின்னம்மா அந்த இருட்டைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "சரிம்மா, நாந்தான் நேரங்கெட்ட நேரத்துல வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

அம்மா வந்ததும் நான் பெருமையாகத்தான் சொன்னேன். என் சாமர்த்தியத்தைக் கேட்டு மெச்சுவாள் என்று நினைத்தேன். அம்மா அடிக்கவில்லை. தலையிலிருந்த தண்ணீரை அப்படியே இறக்கி வைத்துவிட்டு, பரணிலிருந்து மங்கை எடுத்துக்கொண்டு ஈரச் சேலையோடு ஓடினாள், பின்னாலேயே நானும் ஓடினேன்.

சூசை சாக்கில் படுத்திருந்தான், கண் குழிக்குள் போயிருந்தது. அம்மா மங்கை நீட்டியதும் சின்னம்மா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாம்க்கா. விளக்கு வச்ச பிறகு ஒங்க உப்ப நான் தொட மாட்டேன். அண்ணன் சயாம்ல இருக்காரு, அவருக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா என் மனசு தாங்குமா? விடியட்டும், காலையில குடுங்க."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். விளக்கு ஏற்றவில்லை, எண்ணெய் ஏது, என் மகள் பொய் சொல்லிவிட்டாள் என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அவளும் அதே லயத்தில் பிறந்தவள்தானே, வெறும் விளக்கைத் துடைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் கிணற்றடிக்குப் போயிருந்தாள். சயாம் என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் கை தானாக மங்கை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டது. "விடிஞ்சதும் மொத வேலையா கொண்டாரேன்" என்றாள். நான் சொல்லியிருக்கலாம். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

விடிவதற்குள் அம்மா எழுந்து மங்கோடு வாசலுக்குப் போனாள். படியில் கால் வைக்கும்போதே சின்னம்மாவின் அழுகுரல் கேட்டது.

புதைக்கும்போது குழிக்குள் உப்புப் போடுவது எங்கள் சனத்தில் உண்டு. அன்றைக்கு வேறு யாரிடமும் உப்பு இல்லை. அம்மா மங்கைக் கவிழ்த்து, ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்து, எல்லாவற்றையும் அந்தச் சின்னக் குழியில் போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு சண்டை முடிகிறவரை எங்கள் கஞ்சியிலும் உப்பு இல்லை. தம்பி அடம்பிடித்து அழுதான், நான் ஒரு நாளும் கேட்கவில்லை.

சண்டை முடிந்து பல மாதம் கழித்து அப்பா வந்து சேர்ந்தார், எலும்பும் தோலுமாக, காலில் ஆறாத புண்ணோடு. சின்னம்மாவின் புருஷன் வரவில்லை. அவரைத் தன் கையாலேயே புதைத்ததாக அப்பா சொன்னார். சின்னம்மா எங்கள் வீட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அம்மாவின் கையைப் பிடித்து, "பாத்தீங்களாக்கா, அன்னிக்கு அந்த நேரத்துல நான் உப்பு வாங்காம இருந்ததே நல்லதாப் போச்சு. அண்ணன் பொழச்சு வந்துட்டாரு பாருங்க" என்றாள். மனதாரச் சொன்னாள். அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. ஆனாலும் சொல்லவில்லை. சின்னம்மா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது, கடைசிவரை நான் சொல்லவில்லை.

இப்போது நான் மகளோடு பட்டணத்தில் இருக்கிறேன். தோட்டம் இருந்த இடம் செம்பனைக் காடாகிவிட்டது, கடையும் லயமும் இருந்த சுவடே இல்லை. இங்கே காரில் ஐந்து நிமிஷம் போனால் பெரிய சூப்பர்மார்க்கெட், அதில் உப்புக்கென்றே ஒரு தட்டு. போகும்போதெல்லாம் ஒரு பாக்கெட் எடுத்துக்கொள்வேன். "வீட்டுலதான் அஞ்சு பாக்கெட் கெடக்குதே, யாருக்கும்மா?" என்று மகள் சத்தம் போடுவாள். உப்புக் கேட்டு வாசலில் வந்து நிற்கும் பழக்கம் இந்தத் தெருவில் யாருக்கும் கிடையாது, பக்கத்து வீட்டுப் பெண்ணின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

சாயங்காலம் சாமி மேடையில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டு வைத்துவிட்டு, நெருப்புக் குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு முதலில் வாசலுக்குப் போவேன். கேட்டைத் திறந்து தெருவின் இரண்டு பக்கமும் பார்ப்பேன். யாரும் வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் உள்ளே வந்து விளக்கேற்றுவேன்.