பெயர் வராத எண்

கோணி ஊசியைச் சாக்கின் வாயிலேயே குத்தி நிறுத்திவிட்டு, வலது கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து பாலிதீன் உறையோடு போனை எடுக்கிறார் ஞானதாஸ். பித்தான் வைத்த பழைய போன். திரையைக் கண்ணிலிருந்து எட்டத்தில் பிடித்துப் பார்க்கிறார். ஆங்கிலம் படிக்கத் தெரியாது. எழுத்தா, எண்ணா என்பது தெரியும், எண்களை மட்டும் படிப்பார். எழுத்து வந்தால் அது பெயர் பதிந்து வைத்த யாரோ ஊர்க்காரர். "தெரிஞ்சவங்கதான், அப்பால பேசிக்கலாம்" என்று மறுபடி பையில் போட்டுக்கொள்வார். வெறும் எண்கள் மட்டும் ஓடினால் இரண்டாவது மணி அடிப்பதற்குள் எடுத்துக் காதில் வைத்துவிடுவார்.

இன்றைக்கு வெறும் எண்கள்தான். யாரோ ஒரு பெண் நகைக்கடன் வேண்டுமா என்று கேட்கிறாள்.

"நம்ம கைல நக இன்னா கீது? ஒண்ணும் வேணாம்மா" என்கிறார் மெதுவாக. போனை உறையில் போட்டு, உறையின் வாயை இரண்டு மடிப்பு மடித்து, பைக்குள் வைத்து, பையின் மேல் ஒருமுறை தட்டிப் பார்க்கிறார். பிறகுதான் ஊசி.

மானாம்பதிக்கு அருகே நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு நவரை அறுவடைப் பருவம் முழுக்க நான் பட்டியல் எழுத்தராக இருந்தேன். என் மேசைக்கு எதிரே, தூற்றும் இயந்திரத்துக்கும் எடை மேடைக்கும் நடுவில்தான் ஞானதாஸ் உட்கார்ந்து தைப்பார். வயது அறுபதை நெருங்குகிறது. ஒல்லியான உடம்பு, முழங்கைக்குக் கீழே மட்டும் வேறொருவருடையதைப் போலத் திரண்ட கைகள். மூட்டையின் இரண்டு மூலையிலும் காது விட்டுத் தைப்பார். தூக்குகிறவன் கைக்கு அந்தக் காதுதான் பிடி. சிறிய காதாக விட்டால் லாரியில் ஏற்றுகிறவர்கள் திட்டுவார்கள். அவரை யாரும் திட்டி நான் கேட்டதில்லை. மிஞ்சிய சணல் துணுக்குகளை எறிய மாட்டார். ஒன்றோடொன்று முடிந்து பந்தாகச் சுற்றிப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். எதற்கு என்று கேட்டால், "கெடக்கட்டும் சார், எதுக்கானா ஆவும்" என்பார்.

வம்பு பேச்சு கிடையாது. மதியம் மற்ற ஆட்கள் வேப்பமர நிழலில் வட்டமாக உட்கார்ந்து சோற்றைப் பிரிக்கும்போது இவர் அடுக்கிய மூட்டைகளின் மேலே ஏறி உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவார். எங்களோடு வந்து உட்காரலாமே என்று ஒருநாள் கேட்டேன். மேலேதான் போனில் சிக்னல் கோடு நன்றாக விழுகிறது என்றார்.

மனைவி சிட்டம்மாள் இறந்து வெகுநாள் ஆகிறது. ஒரே மகள் ஷாரோன். பன்னிரண்டாவது முடித்ததும் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். விடியுமுன் கம்பெனி பஸ் மெயின் ரோட்டுக்கு வரும். டார்ச் அடித்துக்கொண்டு அதுவரை கூடப் போய் ஏற்றிவிட்டு வருவார். அந்த மகள் அங்கேயே வேலை செய்த ஒடிசாக்காரப் பையன் ஒருவனைக் கட்டிக்கொள்ளப் போவதாக வந்து சொன்னபோது, இவர் சம்மதிக்கவில்லை. பையனின் ஊர் தெரியாது, பேச்சு புரியாது, சபைக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வது. அவள் துணிப்பையோடு கிளம்பிப் போனாள். மூன்று வருடமாகிறது.

கோபம் தணிந்து இவர் அவளைக் கூப்பிட்டபோது அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. தொழிற்சாலை வாசல்வரை ஒருநாள் போய் நின்றிருக்கிறார். அவள் வேலை செய்த காண்டிராக்டு முடிந்துவிட்டது, அந்தப் பெண்களெல்லாம் எங்கெங்கோ போய்விட்டார்கள் என்று காவல்காரன் சொல்லி அனுப்பிவிட்டான். அவளைத் தேட இவருக்கு வேறு வழி தெரியவில்லை. அவளுக்கோ இவருடைய எண் மனப்பாடம். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே வாய்ப்பாடு ஒப்பிப்பதைப் போல ராகம் போட்டுச் சொல்வாளாம். ஆகவே அவள் கூப்பிட்டால் அது பெயர் வராத எண்ணாகத்தான் இருக்கும். இதை எனக்குச் சொன்னவள் வளர்மதி. களத்தில் சிந்தும் நெல்லைக் கூட்டி அள்ளுகிறவள். ஞானதாஸின் தெருதான், அவரை அண்ணன் என்று கூப்பிடுவாள்.

சித்திரை வெயிலில் ஒரு மதியம் அது நடந்தது.

இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. போன் வந்தது, எடுத்தார். ஒரு காதைப் பொத்திக்கொண்டு எழுந்து கிடங்குச் சுவர் ஓரமாகப் போனார். நான் மேசையிலிருந்து பார்த்தேன். சுவரைப் பார்த்து நின்றபடி நெடுநேரம் பேசினார். நடுவில் உறைக்குள்ளிருந்து எதையோ எடுத்துக் கண்ணுக்கு எட்டத்தில் பிடித்துப் படித்தார். ஏடிஎம் கார்டு. குடிசைக்குப் பூட்டு இல்லையென்று அதையும் போனோடு சேர்த்துச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார்.

வங்கியிலிருந்து பேசுகிறேன் என்றுதான் அந்தப் பெண் தொடங்கியிருக்க வேண்டும். இரைச்சலில் இவர் காதில் விழுந்தது ஓர் இளம்பெண்ணின் குரல் மட்டுமே. "யாரு, ஷாரோனா?" என்று கேட்டுவிட்டார்.

எதிர்ப்பக்கம் சற்று நின்றது. பிறகு, "ஆமாம்பா" என்றது.

அதற்குப் பிறகு அவளுக்கு வேலை எளிதாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், போன் தொலைந்துவிட்டது, வேறொருவர் போனிலிருந்து பேசுகிறேன், முன்பணம் கட்டினால்தான் சேர்த்துக்கொள்வார்கள், கார்டு இருக்கிறதா அப்பா? முன்பக்கத்து எண்களைச் சொன்னார். பின்பக்கத்து மூன்று எண்களைச் சொன்னார். குறுஞ்செய்தியில் வந்த எண்ணையும் பார்த்துச் சொன்னார். அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் வளர்மதி துடைப்பத்தோடு அந்தப் பக்கம் போயிருக்கிறாள்.

யாருக்கு நம்பர் சொல்கிறாய் அண்ணே என்று கேட்டாள். "ஷாரோனுக்கு" என்றார். அவள் முகம் மலர்ந்துவிட்டதாம். நானும் ஒரு வார்த்தை பேசுகிறேன் என்று கையை நீட்டினாள். அதற்குள் அழைப்பு அறுந்திருந்தது. திரும்பக் கூப்பிட்டால் போகவில்லை. அப்புறம் வந்த குறுஞ்செய்திகளை அவள்தான் என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். கணக்கில் எதுவும் மிச்சமில்லை.

அது கூரை போட வந்த பணம். அரசாங்க வீடு. சுவர் லிண்டல் வரை எழும்பி, கம்பிகள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. அடுத்த தவணை அந்த வாரம்தான் கணக்கில் ஏறியிருந்தது.

மறுநாள் அவரை அழைத்துக்கொண்டு உத்திரமேரூர் போனேன். வங்கியில் கார்டை முடக்கினார்கள். காவல் நிலையத்தில் புகாரைப் பதிந்துகொண்டார்கள். அங்கிருந்த அதிகாரி கெட்டவர் இல்லை; தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். எழுதிக்கொண்டே, சொந்த மகள் குரல்கூடவா தெரியாது என்று கேட்டார். ஞானதாஸ் தரையைப் பார்த்தபடி, "தெரிலீங்க" என்றார். அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டமில்லை. ஜன்னலோரம் அவர், பக்கத்தில் நான். பஸ் ஏரிக்கரையைத் தாண்டியது. பிறகு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மொதல்லயே தெரியும் சார்."

எனக்குப் புரியவில்லை.

"எம் பொண்ணு என்ன அப்பான்னு கூப்புடாது. நைனான்னுதான் கூப்புடும். பேச்சு வந்த நாள்லேருந்து அப்பிடித்தான்."

தெரிந்தும் ஏன் கார்டு எண்ணைச் சொன்னீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் கடுமையாகவே கேட்டிருப்பேன். அவர் துண்டின் நுனியை விரலில் சுற்றினார், பிரித்தார்.

"அது வூட்ட வுட்டுப் போறப்போ நான் ஒரு வார்த்த சொன்னேன் சார். நீ எம் பொண்ணே இல்லன்னு. தெருவுல நாலு பேரு கேக்கத்தான் சொன்னேன். மூணு வருசம் கயிச்சி ஒரு கொரலு, நான்தான் ஒம் பொண்ணுன்னுது. திருடிதான், தெரியுது. ஆனா நீ எம் பொண்ணு இல்லன்னு இன்னொரு தபா எப்பிடி சார் வாயால சொல்றது?"

நடத்துநர் சீட்டுக் கேட்டு வந்தார். நான் வாங்கினேன். சில்லறையை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டேன்.

"நம்பரு சொல்றப்போ எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சி" என்றார். "தண்ணி குடிச்சிட்டு மெதுவா சொல்லுப்பான்னு சொல்லிச்சி சார் அது."

மானாம்பதி நிறுத்தத்தில் இறங்கினோம்.

விஷயம் களம் முழுக்கப் பரவிவிட்டது. ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். நெல் போட வந்த வேதாசலம், நிலபுலம் உள்ளவர். ஞானதாஸை வைத்துப் பல அறுப்பு பார்த்தவர். தெரியாத நம்பரை எடுக்காதே, எடுத்தால்தானே ஆபத்து என்றார். புது சிம் கார்டு தானே வாங்கித் தருவதாகவும் சொன்னார். மனசாரத்தான் சொன்னார். ஞானதாஸ் கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். "நல்லதுங்க" என்றார். மறுநாள் வெறும் எண்ணாக ஒரு அழைப்பு வந்தது. இரண்டாவது மணிக்குள் எடுத்தார். வேதாசலம் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

ஆனால் ஞானதாஸ் ஒரு காரியம் செய்தார். புது கார்டு வந்திருக்கிறது, வாங்கிப் போங்கள் என்று வங்கியில் சொன்னபோது வேண்டாம் என்றுவிட்டார். கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு வியப்பு. கார்டு இல்லாவிட்டால் பணம் எடுக்க ஒவ்வொரு தடவையும் இங்கே வந்து வரிசையில் நிற்க வேண்டும் பெரியவரே என்று எடுத்துச் சொன்னாள். "நின்னுக்கிறேம்மா" என்றார். "கார்டு கைல இருந்தா போன எடுக்காதன்றாங்க. போனு எடுக்கணும். அதான் கார்டு வேணாம்."

இப்போது கூலி எடுக்க வேண்டுமென்றால் அவருக்கு ஒருநாள் வேலை போகிறது. பாஸ் புத்தகத்தோடு காலையிலேயே பஸ் ஏறிவிடுகிறார். போன பணம் திரும்பவில்லை. வீடு லிண்டல் மட்டத்திலேயே நிற்கிறது. சுவர்களின் மேல் நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருக்கிறார். காற்றடித்தால் அது படபடவென்று அடித்துக்கொள்ளும் சத்தம் தெருக்கோடி வரை கேட்கும் என்கிறாள் வளர்மதி. அவர் படுப்பது அதை ஒட்டிய தன் பழைய குடிசையில்தான். கிறிஸ்துமசுக்கு அவள் குழம்பு கொடுத்தனுப்பினால் பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாசலிலேயே சற்று நேரம் நிற்பாராம். உள்ளே வா அண்ணே என்றால், உள்ளே போனில் கோடு விழாது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாராம்.

பருவம் முடியும் நாளில் நான் கணக்கை ஒப்படைத்துவிட்டுச் சொல்லிக்கொள்ளப் போனேன். இயந்திரத்தை நிறுத்தி, அதன் மேல் சாக்குப் போட்டு மூடியிருந்தார்கள். களம் வெறிச்சோடிக் கிடந்தது. கடைசியாக மிஞ்சிய சில மூட்டைகளை ஞானதாஸ் வெயிலில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். அடுத்த பருவத்துக்கு வருவீர்களா என்று கேட்டார். எங்கே போடுவார்களோ தெரியாது என்றேன். தலையசைத்தார்.

அப்போது போன் அடித்தது. வெறும் எண்கள்.

"அலோ" என்றார். காத்திருந்தார். "அலோ, யாரு?" என்றார். போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தார். மறுபடி காதில் வைத்தார். எதிர்ப்பக்கத்தில் யாரும் பேசவில்லை. விற்பனைக்காரர்களின் இயந்திரம் இப்படி ஊமையாகக் கூப்பிடுவது உண்டு. தானாக எண்ணைச் சுழற்றிவிடும், பேச ஆள் இருக்காது. அதை அவரிடம் சொன்னேன், வைத்துவிடுங்கள் என்றேன்.

"கட் ஆவல சார், ஓடிக்கினேகீது" என்றார்.

ஒலிபெருக்கிப் பித்தானை அமுக்கினார். லேசான இரைச்சல் வந்தது. வேறு ஒன்றும் இல்லை. போனைத் தைத்து முடித்த மூட்டையின் மேல் நிமிர்த்தி வைத்தார். சற்று நேரம் அதைப் பார்த்தார். ஊசியில் சணலைக் கோத்து அடுத்த சாக்கின் வாயைப் பிடித்தார். நான்கைந்து தையல் போட்டிருப்பார். கையை நிறுத்தி, தோளிலிருந்த துண்டை எடுத்து, பக்கத்து மூட்டையின் காதிலிருந்து இந்த மூட்டையின் காதுக்கு இழுத்துச் செருகி, போனின் மேல் வெயில் படாமல் நிழல் கட்டினார்.