தில்லைநாயகம் சேர் பூசிய சந்தனம்

போன கிழமை பம்பலப்பிட்டியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பழைய அலுவலகத் தோழி சுகந்தி போன் எடுத்தாள். "தில்லைநாயகம் சேர் போயிட்டார். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நீயும் நாலு நல்ல வார்த்தை எழுதித் தா." நாலு நல்ல வார்த்தைதானே? நேரத்துக்கு வருவார். சட்டை கசங்காது. குரல் உயராது. வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் தொடமாட்டார். நாலும் ஆயிற்று. மிச்சத்தை அவரோடு வேலை செய்த உங்களுக்காக எழுதுகிறேன்.

யுத்த காலம். துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் கம்பனி ஒன்றின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு அவர் தலைவர்; நான் அவருக்குக் கீழே. சேர்வருக்குப் பக்கத்தில் டிஸ்குகள் அடுக்கிய பெட்டியொன்று இருந்தது. டிஸ்க் பழுதானால் பெட்டியின் முகப்பில் மஞ்சள் விளக்கு எரியும். சேர்வரில் ஓடும் கண்காணிப்புப் புரோகிராம் திரையிலும் எச்சரிக்கும். ஒரு டிஸ்க் போனால் மற்றவை தாங்கும். இரண்டாவதும் போனால் எல்லாம் போச்சு.

அந்த எச்சரிக்கை சேருக்கு ஆகாது. கொஞ்சம் சூடேறினாலும் செய்தி வருகிறதென்று புரோகிராமையே நிறுத்திவைத்தார். "பேசாமல் இருக்கிற மெசின்தான் நல்ல மெசின், பிள்ளை" என்பார். இராணுவச் செக் பொயின்றிலும் மீற்றிங்கிலும் அவர் கைக்கொண்டதும் இதே மந்திரம்தான். வாயில் கொழுக்கட்டையோடு பிறந்த மனிதர்.

சரஸ்வதி பூசைக்கு அந்தப் பெட்டிக்கும் மாலை போட்டு, சந்தனம் குழைத்துப் பெரிய பொட்டாக வைத்தார். வைத்த இடம் விளக்கின் மேல். "சேர், விளக்கு மறையுது" என்றேன். "கொட்டாஞ்சேனை வேதக்காரப் பிள்ளைக்கு இதெல்லாம் விளங்காது" என்று என் கழுத்துச் சிலுவையைக் காட்டிச் சிரித்தார். கடலை சாப்பிட்டுக்கொண்டு நின்ற நீங்களும் சிரித்தீர்கள்.

சில மாதம் போக, ஒருநாள் காலை டிஸ்குகளைக் காணவில்லை என்றது சேர்வர். துறைமுகத்தில் லொறிகள் காத்து நிற்கின்றன. இந்தப் பெரிய மனிதர் என்ன செய்தார்? சேர்வரை நிறுத்தித் திரும்பப் போட்டார். சரிவரவில்லை. இன்னொருதரம் போட்டார். கேபிளைக் கழற்றி ஊதினார். ஊதினால் சரிவர அது என்ன அடுப்பா? "புரோகிராமைப் போடுங்கோ சேர், எது பிழையென்று அதுவே சொல்லும்" என்று கெஞ்சிப் பார்த்து, கடைசியில் நானே போட்டேன். இரண்டு டிஸ்க் போயிருந்தன. முதலாவது எப்போதோ செத்துப்போனது.

பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் ஓய்வுபெற்ற இராணுவக்காரர். தமிழ்ப் பெண், கையில் அந்த அறைத் திறப்பு, துறைமுகம். சதியென்று முடிவுகட்ட அவருக்கு இது போதும். "விளக்கைப் பொட்டு மறைத்துவிட்டது, வந்து பாருங்கள்" என்று கூட்டிப்போனேன். பெட்டி துடைத்து வைத்தாற்போல இருந்தது. விளக்கு பளிச்சென்று எரிந்தது. இவ்வளவு தெளிவாக எரிவதை ஏன் சொல்லவில்லை என்று என்னையே கேட்டார். நான் சேரைத் திரும்பிப் பார்த்தேன். சட்டைப்பையில் மடித்திருந்த வெள்ளைக் கைலேஞ்சியில் மஞ்சள் கறை. அவர் மேலே சுழலும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பொலிசுக்குக் கொண்டுபோனார்கள். எந்தத் தடுப்பு முகாமுக்கு அனுப்புவார்களோ தெரியவில்லை. அம்மா சோற்றுப் பார்சலோடு வாசலில் நின்றா.

காப்பாற்றியது புது டிஸ்க் போட வந்த சிங்கள டெக்னீஷியன். விளக்கின் இடுக்கில் காய்ந்து கிடந்ததைக் கிளறி மணந்து பார்த்து, "மே சந்துன் நேத?" என்றாராம். சந்தனந்தானே இது என்று. கழுத்தில் சிலுவை போட்டவள் பூசியிருக்க மாட்டாள் என்பது இராணுவக்காரருக்கும் விளங்கியது. விட்டார்கள்.

பிறகு ஒருநாள் சேர் வெள்ளவத்தையிலிருந்து பிஸ்கட் டின்னோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். "மறந்துவிடு பிள்ளை. எனக்கும் பொம்பிளைப் பிள்ளையள் இருக்கு."

"இவவும் பொம்பிளைப் பிள்ளைதான்" என்றா அம்மா. "தேத்தண்ணி ஆறுது, குடிச்சிட்டுப் போங்கோ."

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம். எந்தச் சேர்வர் அறைக்குள் போனாலும் டிஸ்க் பெட்டியின் முகத்தை விரலால் துடைப்பேன். யாராவது நிறுத்திவைத்த எச்சரிக்கையைத் திரும்பப் போடுவேன். கத்தட்டும்.

சுகந்தி, இதை நீ மலரில் போடமாட்டாய். அந்தப் பொட்டைப் பார்த்தவள் நீயும்தான். என்னை ஜீப்பில் ஏற்றியபோது அலுவலக வாசலில் நீ நின்றாய். நீங்கள் எல்லோரும் நின்றீர்கள்.