தையலுக்கு ஒரு காரணம்

செமாராங் நகர ஆஸ்பத்திரியில் முர்வாணிக்கு நண்பர் என்று ஒருவரும் இல்லை. அதற்காக அவள் வருந்தியதும் இல்லை. டாக்டர்கள் எழுதும் நோயையும் சிகிச்சையையும் குறியீட்டு எண்களாக மாற்றுவது அவளுடைய இருபத்திரண்டு வருட வேலை. சிகிச்சை இருந்தால் அதற்கான நோயும் இருக்க வேண்டும். இல்லையென்றால் சிவப்புச் சீட்டைக் குத்திக் கோப்பை டாக்டரிடமே திருப்பி அனுப்புவாள். பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு பொரித்த டோஃபு தின்பாள். பேச்சிலும் அதே காரம்.

டாக்டர் சுகெங் திமிர் பிடித்த மனிதர். தெம்பே என்னும் சோயா அடை விற்கும் ரும்யாத்திக்குக் கர்ப்பப்பையை எடுத்தவர் அவர்தான். அறுவைக் குறிப்பின் நடுவே, ‘மூத்திரப்பை தைக்கப்பட்டது’ என்று ஒரு வரி. அது எப்படிக் கிழிந்தது? நோய்களை எழுதவேண்டிய கடைசித் தாளில் அதைப் பற்றி மூச்சே இல்லை. முர்வாணி கோப்பை அனுப்பினாள்; அவர் ஓர் எழுத்தும் சேர்க்காமல் திருப்பினார். இப்படியே ஐந்து தடவை. ஆறாவது தடவை அவரே வந்து நின்றார்.

“அந்தத் தையல் நம்பரை எடுத்துட்டு ஃபைலை மூடுங்க, இபு.” ‘அம்மா’ என்பதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

“தையல் போட்டது நீங்க, டாக்டர். நான் நம்பர்தான் போட்டேன்.”

உங்களைச் சலவைக்கூடத்துக்கு மாற்றாமல் விடமாட்டேன் என்று கறுவிவிட்டுப் போனார். அவளும் விடவில்லை. யார் முதலில் இறங்கி வருவது, பார்த்துவிடலாம் என்று கோப்பைத் தன் மேசையிலேயே வைத்துக்கொண்டாள். இரண்டு மாதம் ஓடியது.

ஒரு காலையில் வெளிநோயாளிப் பிரிவு நர்ஸ் வந்து ரும்யாத்தியின் கோப்பைக் கேட்டாள். மூடாத கோப்பு வெளியே போகாது என்று முர்வாணி எரிந்து விழுந்தாள்.

“அந்தம்மா வர்றது இது நாலாவது தடவை, இபு. மூத்திரம் ஒழுகிட்டே இருக்கு. ஃபைல் உங்ககிட்ட இருக்குன்னு கம்ப்யூட்டர் காட்டும், நாங்களும் கேக்காம விட்டுடுவோம். கிருமின்னு சொல்லி மாத்திரை குடுத்துட்டு இருக்காங்க.”

முர்வாணி எழுந்தாள். விதியை ஒதுக்கிவிட்டுக் கோப்பைத் தானே தூக்கிக்கொண்டு ஓடி, அந்த வரி இருந்த தாளை விரித்து வெளிநோயாளிப் பிரிவு டாக்டர் முன் வைத்தாள். “கிருமி இல்ல, தையல் விட்டிருக்கு போல,” என்று அவர் தலையில் கைவைத்தார். உடனே ஸ்கேனுக்கு எழுதினார்.

ரும்யாத்தி, நாற்காலி நனைந்துவிடும் என்று உட்காராமல் சுவரோரம் நின்றிருந்தாள். தன் மூத்திரப்பை தைக்கப்பட்டதே அவளுக்கு இப்போதுதான் தெரியும்.

“இந்தக் காகிதம் இத்தனை நாளா எங்க இருந்துச்சு?”

சுகெங்கின் பெயர் முர்வாணியின் நாக்கு நுனிவரை வந்தது.

“என் மேசையில,” என்றாள்.