ஆட்டம் ஓடாதபோது

அந்தக் கம்ப்யூட்டரை எனக்கு அசெம்பிள் செய்து கொடுத்தவன் என் தம்பி. மதுரையில் ஒரு சின்னக் கடையில் கம்ப்யூட்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குக் கொல்கத்தாவுக்கு மாற்றல் வந்தபோது, கிளம்புவதற்கு முந்தின நாள் தரையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் அதை முடித்தான். பழைய போர்வையைச் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்து, ரயிலில் என் சீட்டுக்கு அடியில் அவனே தள்ளிவிட்டான்.

"மேல பையை எதுவும் வச்சுராதக்கா" என்றான். ரயில் நகர்ந்த பிறகும் ஜன்னலோடு நடந்து வந்து அதையே இன்னொரு முறை சொன்னான்.

நியூ டவுனில் பதினோராவது மாடியில் எங்கள் வீடு. மூன்று வருடம் அந்தக் கம்ப்யூட்டர் ஒரு நாள்கூட மக்கர் செய்யவில்லை. அலுவலக வேலை, வரி தாக்கல், சினிமா என்று எல்லாவற்றுக்கும் அதுதான். அதில் நான் விளையாடியதே இல்லை. விளையாடத் தொடங்கியது தம்பிக்கு உடம்பு முடியாமல் போன பிறகுதான்.

முப்பத்தோரு வயதில் அவனுடைய இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. ரத்த அழுத்தம் ஏறிக் கிடந்தது அவனுக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். வேலையை விட்டான். மற்ற நாட்களில் வீட்டிலேயே கிடந்தான். அப்பா இறந்து வெகுநாளாகிறது. அம்மாவும் அவனும் மட்டும்தான்.

"சும்மா மோட்டுவளையப் பாத்துக்கிட்டே படுத்திருக்க முடியலக்கா. நீயும் வா, சேர்ந்து ஆடுவோம். உன் கம்ப்யூட்டர் தாங்கும், நான் போட்டதுதானே" என்றான்.

இரண்டு பேர் ஒரு பனித்தீவில் மாட்டிக்கொண்டு பிழைக்கிற ஆட்டம் அது. விறகு பொறுக்க வேண்டும், குடிசை கட்ட வேண்டும், ஓநாய் வந்தால் விரட்ட வேண்டும். செவ்வாய், வியாழன், சனி மாலை ஏழு மணிக்கு நான் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்காருவேன். ஆட்டத்துக்குள்ளேயே பேசிக்கொள்ளலாம். நான் விறகு பொறுக்குவேன். அவன் எனக்குக் காவல் நிற்பான். முதல் மாதம் முழுக்கச் சிரித்தோம். நேராக நடக்கவே எனக்கு ஒரு வாரம் ஆனது.

அந்த மாதக் கடைசியில்தான் மதுரை டாக்டர் அம்மாவிடம் மாற்றுச் சிறுநீரகம் பற்றிப் பேசினார். அம்மாவுக்குச் சர்க்கரை. ஆகாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். கூடப் பிறந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறார். அம்மா எனக்கு போன் செய்து அதை ஒரு தகவலைச் சொல்வதுபோலச் சொன்னாள். "நீ என்னான்னு பாத்துச் சொல்லு" என்றாள். எங்கள் இருவருக்கும் ஒரே ரத்த வகை. என்னென்ன பரிசோதனை செய்ய வேண்டும் என்ற சீட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். எல்லாமே கொல்கத்தாவிலேயே செய்யக்கூடியவைதான்.

"பாக்குறேம்மா" என்றேன்.

அப்போது நானும் கணவரும் குழந்தைக்காகச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தோம். மூன்றாவது முறை. கணவர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "உன் இஷ்டம். ஆனா இந்த ட்ரீட்மெண்ட் சைக்கிள் முடியட்டுமே" என்றார். அவர்மேல் பழி போட எனக்கு உரிமையில்லை. அவர் வாயே திறக்காமல் இருந்திருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன். எனக்குப் பயமாக இருந்தது. கத்தியை நினைத்துப் பயம். ஒன்றை வைத்துக்கொண்டு காலம் தள்ளுவதை நினைத்துப் பயம். அதை யாரிடமும் சொல்லவில்லை. சிகிச்சையைக் காரணமாகச் சொல்லிக்கொண்டேன்.

கம்ப்யூட்டர் முதல் முறை அணைந்தது அதற்கு இரண்டு வாரம் கழித்து. குடிசைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தோம். திரையில் பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கவா?" என்றான்.

சட்டென்று திரை கறுத்தது. அவன் குரலும் போய்விட்டது. பெட்டிக்குள் விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. தானாகவே மறுபடி உயிர் பெற்று, நான் உள்ளே போய்ச் சேரப் பத்து நிமிடம் ஆனது. அவன் அதே இடத்தில் நின்றிருந்தான்.

"என்னமோ கேட்டியே?"

"ஒண்ணுமில்ல. விறகு எத்தனை இருக்குன்னு கேட்டேன்."

எனக்குள் ஒரு நிம்மதி பரவியது. அந்த நிம்மதி இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அதன் பிறகு ஒவ்வொரு ஆட்டத்திலும் அணைந்தது. சில நாள் இருபது நிமிடத்தில், சில நாள் ஐந்தே நிமிடத்தில். அலுவலக வேலை செய்தால் நாள் முழுக்க ஒன்றும் ஆகாது. ஆட்டம் ஓடினால் மட்டும் போகும். தம்பிக்கு இது புது உற்சாகத்தைக் கொடுத்துவிட்டது. பழுது என்று ஒன்று வந்தாலே அவன் வேறு ஆள். போனில் வீடியோ போட்டு, என்னை ஸ்க்ரூடிரைவரோடு தரையில் உட்கார வைத்தான்.

"பக்கத்து மூடியக் கழட்டு. மெதுவா. ஏய், என்னக்கா இவ்ளோ தூசி? சிமெண்டு ஆலையிலயா குடியிருக்க?"

சுற்றி எங்கு பார்த்தாலும் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த இடம். பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டினேன். மறுநாள் ராம் என்கிற நினைவகப் பட்டையைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பை அழிரப்பரால் தேய்க்கச் சொன்னான். தேய்த்தேன். டிரைவர் மென்பொருளை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றச் சொன்னான். ஏற்றினேன். ஆட்டம் ஓடும்போது சூடு எத்தனை டிகிரி என்று ஒவ்வொரு நிமிடமும் வாசிக்கச் சொன்னான். சூடு சரியாகவே இருந்தது. எந்த வேலைக்குப் பிறகும் அது அணையத்தான் செய்தது.

டயாலிசிஸ் நாட்களில் படுக்கையிலிருந்தே குரல் பதிவு அனுப்புவான். பின்னால் அந்த இயந்திரம் கீச் கீச்சென்று கத்திக்கொண்டிருக்கும். "அக்கா, எனக்கு என்னமோ கிராபிக்ஸ் கார்டு மேலதான் சந்தேகம். ஆட்டத்துல மட்டுந்தான் போகுது பாரு. சும்மா இருக்கும்போது போறதே இல்ல. நாளைக்கு அதைப் பாப்போம்." இடையில் நர்ஸ் ஏதோ கேட்பாள். "வலிக்குது சிஸ்டர்" என்பான். பிறகு மறுபடியும், திரைக்குப் படத்தை அனுப்புகிற அந்தக் கார்டைப் பற்றிப் பேசுவான்.

ஒரு நாளை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. அது ஒரு சனிக்கிழமை. ஆட்டத்தைத் திறந்திருந்தேன். ஆனால் உள்ளே போகவில்லை. தொடக்கப் பக்கம் மட்டும் நின்றிருந்தது. அங்கிருந்தே பேசிக்கொள்ளலாம். அவன் குரல் ஹெட்செட்டில் வந்தது.

"ஆட்டம் அப்புறம் ஆடலாம்க்கா. அம்மா கோயிலுக்குப் போயிருக்காங்க. கொஞ்சம் பேசணும்."

"சொல்லுடா."

"நீ தப்பா எடுத்துக்கக் கூடாது. இல்லன்னாலும் பரவால்ல. அந்த டாக்டர் சொன்னாருல்ல..."

என் கை மேசைக்கு அடியில் போயிற்று. பெட்டியின் முன்பக்கப் பொத்தானை அழுத்திப் பிடித்தேன். நாலைந்து விநாடி பிடிக்க வேண்டும். அந்த நாலைந்து விநாடியும் அவன் பேசிக்கொண்டிருந்தான். என் காதில் விழுந்தது. என்ன சொன்னான் என்பதை எழுத எனக்கு மனமில்லை. திரை கறுத்தது.

உடனே போன் அடித்தது.

"போச்சா?"

"ஆமாடா. போயிருச்சு."

"ஆட்டத்துக்குள்ளயே போகலையே நீ. வெறும் முதல் பக்கம்தானே? அப்பவுமா போச்சு?"

"ஆமா."

என்னிடம் பேச வந்ததை மறந்துவிட்டானா, மறந்ததுபோல இருந்தானா, தெரியாது. அவன் குரல் பழுது பார்க்கிறவனின் குரலாக மாறிவிட்டது.

"அப்ப கார்டு இல்லக்கா. கார்டுக்கு அப்ப வேலையே இல்லையே. கரண்டு சரியா வரல. எஸ்எம்பிஎஸ்தான்."

எஸ்எம்பிஎஸ் என்பது வீட்டு மின்சாரத்தை வாங்கிக் கம்ப்யூட்டருக்குள் பிரித்துக் கொடுக்கிற பெட்டி. அது எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

மறுநாள் காலையில் ஒரு குரல் பதிவு வந்திருந்தது. "அக்கா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டாத. அந்த எஸ்எம்பிஎஸ் புதுசு இல்ல. அன்னைக்குக் கடையில ஸ்டாக் தீந்துபோச்சு. நீ காலைல ரயிலேறணும். ஒரு பழைய மெஷின்ல இருந்து கழட்டி உனக்குப் போட்டுட்டேன். அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன், சொல்லவே இல்ல. என்னாலதான் உனக்கு இத்தனை தொந்தரவு. மன்னிச்சுருக்கா. புதுசு ஒண்ணு வாங்கிரு."

அதைக் கேட்டபோது பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழே துர்கா பூஜைப் பந்தலுக்கு மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான்தான் பொத்தானை அழுத்தினேன் என்று அவனுக்கு ஒரு வரி அனுப்பியிருக்கலாம். நான் அனுப்பியது இது: "விடுடா, இதுல என்ன இருக்கு. வாங்கிடறேன்."

மறுவாரம் ஜாதவ்பூரில் பல்கலைக்கழகத்துக்கு எதிரே இருந்த ஒரு கடையில் வாங்கினேன். அவன் சொன்ன வாட் அளவு, அவன் சொன்ன கம்பெனி. வாங்கி வந்து அலமாரியில் வைத்தேன். மாட்டவில்லை. "வேலை ஜாஸ்திடா", "பூஜை லீவுல மாட்டிடறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மாட்டினால் மறுபடி ஏழு மணிக்கு உட்கார வேண்டும். கம்ப்யூட்டர் அணையாது. அவன் கேட்பான்.

அவனும் அவசரப்படுத்தவில்லை. "நான் தீவுல தனியாதான் இருக்கேன், குடிசையெல்லாம் பத்திரமா இருக்கு" என்று ஒரு முறை சொன்னான். ஒருநாள் குடிசையின் படத்தை அனுப்பினான். விறகைச் சுவர் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தான். பொறுக்குவது என் வேலையாக இருந்தது.

பூஜையின் அஷ்டமி அன்று காலையில் அம்மா போன் செய்தாள். டயாலிசிஸ் குழாய் போட்டிருந்த இடத்தில் சீழ் வைத்து ரத்தத்தில் கலந்துவிட்டது என்றாள். விமானத்துக்குச் சீட்டு தேடி, சென்னையில் இறங்கி, அங்கிருந்து காரில் போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு நினைவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் உட்கார்ந்திருந்தேன். வீங்கிப்போன விரல்கள். கண்ணைத் திறக்கவே இல்லை. மறுநாள் மதியம் போய்விட்டான்.

காரியங்கள் முடிந்து கொல்கத்தா திரும்பிய பிறகு, ஒரு மாதம் கம்ப்யூட்டர் இருந்த அறைக்குள் நான் போகவில்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரையும் அலமாரியில் இருந்த எஸ்எம்பிஎஸ்ஸையும் டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு ஜாதவ்பூர் கடைக்கே போனேன். என் கையால் மாட்ட முடியும் என்று தோன்றவில்லை.

கடைக்காரர் ஐம்பது வயது வங்காளி. எல்லாப் பெண்களையும் தீதி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார். பழைய எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றித் தன் மேசையில் இருந்த கருவியில் மாட்டி வெகுநேரம் பார்த்தார்.

"தீதி, எட்டா தோ பாலோ ஆச்சே" என்றார். இது நன்றாகத்தானே இருக்கிறது என்று அர்த்தம்.

நான் நம்பவில்லை. புதியதை மாட்டி ஆட்டத்தை ஓடவிடச் சொன்னேன். மாட்டினார். பனிக்காற்று இரைந்தது. ஏழாவது நிமிடம் திரை கறுத்தது.

பிறகு கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டுக் கடையில் இருந்த வேறொன்றைச் செருகினார். டீ வாங்கி வந்து எனக்கும் கொடுத்தார். ஒரு மணி நேரம் ஓடியது. அணையவில்லை.

"கார்டுதான் போயிருக்கிறது. யார் எஸ்எம்பிஎஸ் என்று சொன்னது?" என்று இந்தியில் கேட்டார்.

"என் தம்பி. அவனும் இந்த வேலைதான்."

அவர் நெற்றியைச் சுருக்கினார். ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரரின் கணக்கு எங்கே பிசகியது என்று யோசிப்பது தெரிந்தது. "ஆட்டம் ஓடாதபோது எப்போதாவது அணைந்ததா? அப்படி ஆகியிருந்தால் நானும் எஸ்எம்பிஎஸ் என்றுதான் சொல்லியிருப்பேன்."

"இல்லை" என்றேன். "ஒரு தடவைகூட இல்லை."

"அப்படியென்றால் அவருக்கு ஏன் தெரியாமல் போயிற்று?"

கார்டு மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கம்ப்யூட்டரை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன். அவர் வாசல்வரை வந்து, "தீதி, மெஷின்?" என்று கேட்டார். யாருக்காவது உபயோகப்பட்டால் கொடுத்துவிடுங்கள் என்றேன். ஆட்டோக்கள் கத்திக்கொண்டிருந்த அந்தச் சாலை ஓரத்தில் வெகுநேரம் நின்றிருந்தேன். முதலில் கார்டின் மேல் அவன் சந்தேகப்பட்டது சரி. அவன் கெட்டிக்காரன். தன் தப்பு என்று நினைத்துக்கொண்டே போய்விட்டான்.

அன்று மாலை அம்மாவுக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். பரிசோதனைக்குப் போகவில்லை என்பதை, பயந்ததை, பொத்தானை அழுத்தியதை. அவள் முழுக்கக் கேட்டாள்.

"இதெல்லாம் இப்ப எதுக்கு எங்கிட்ட சொல்ற?" என்றாள் கடைசியில்.

"யார்கிட்டம்மா சொல்றது?"

"எனக்குத் தெரியாது." "அடுப்புல பால் இருக்கு. வைக்கிறேன்."

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுகிறோம். மாத்திரை போட்டாயா, மழை உண்டா, தண்ணீர் வந்ததா என்று கேட்டுக்கொள்கிறோம். அவன் பெயரை இருவரும் எடுப்பதில்லை. போன மாதம் என் சிகிச்சை என்ன ஆயிற்று என்று கேட்டாள். நிறுத்திவிட்டோம் என்றேன். "சரி" என்றாள்.