நடுவில் வாங்கிய மூச்சு

தவறிப்போய்ச் செய்த ஒன்று பிடித்துப்போய், அதையே மறுபடி செய் என்று ஊர் கேட்டால், இரண்டாம் முறை அதைச் செய்வது யார்? இந்தப் பாடகியின் வாழ்க்கை என்னிடம் கேட்டது இதைத்தான். அவளைப் பெரிய பாடகி என்று சொல்ல மாட்டேன். சுருதி விலகாத குரல், அவ்வளவுதான்.

விருந்து மண்டபங்களில் பிறர் பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்தவளுக்கு, முப்பது தாண்டிய பிறகு சொந்தமாக ஒரு பாட்டு அமைந்தது. பதிவன்று கடும் சளி. 'கதவு வரை நடக்கிறேன்' என்ற வரியில் 'நடக்' என்றதும் மூச்சு முட்டியது. விக்கல் போல ஓர் இழுப்பு இழுத்துக்கொண்டு 'கிறேன்' என்று முடித்தாள். மறுபடி பாடுவதாகச் சொன்னாள். "இருக்கட்டும்மா, நல்லாத்தான் இருக்கு" என்றார் ஒலிப்பதிவாளர்.

பாட்டைவிட அந்த இழுப்பு பிரபலமாயிற்று.

பாட்டைப் பரப்பத் தொலைக்காட்சிகளின் காலை நிகழ்ச்சிகளுக்கு அனுப்பினார்கள். நேரலை என்று பெயர்; ஒலிப்பது பதிவு, கையில் இருப்பது இணைப்பில்லாத மைக். சமையல் பகுதி முடிந்து சூடு ஆறாத அடுப்புக்குப் பக்கத்தில் நின்று வாயசைப்பாள். உதடு பிசகினால் யாருக்கும் தெரியாது. அந்த மூச்சுக்குத் தோள் ஏறாவிட்டால்தான் மாட்டிக்கொள்வாள். ஆகவே நல்ல நுரையீரலை வைத்துக்கொண்டு, கண்ணாடி முன் மூச்சுத் திணறப் பழகினாள்.

"வந்த சளிக்கு மருந்து இருக்கு. வராத சளிக்கு எங்கக்கா போறது?" என்பாள், ஒப்பனை செய்யும் தங்கை.

"வாய மூடிட்டு பவுடரப் போடுடி."

கடைசியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி. அங்கே நிஜ வாத்தியம், நிஜ மைக், எதிரே கூட்டம். பாட்டுக் கம்பெனி முதலாளி ஒப்பந்தத்தோடு வந்திருந்தார். "அந்த மூச்சு மட்டும் சரியா விழட்டும்மா. முழு ஆல்பமும் உனக்குத்தான்."

ஒத்திகையில் அச்சு அசலாக இழுத்துக் காட்டினாள். அவர் கைதட்டினார்.

"இதோட விட்டது தொல்லை," என்றாள் தங்கை. "சாப்பிடுறவங்க முதுகைப் பாத்துப் பாடினதெல்லாம் போதும்க்கா."

நிகழ்ச்சியில் அந்த வரி நெருங்கியதும் கூட்டமே தோளைத் தூக்கிக்கொண்டு தயாரானது. அவள் 'நடக்கிறேன்' என்று ஒரே மூச்சில், வழவழவென்று பாடிக் கடந்தாள். அரங்கம் முழுக்க மூச்சை இழுத்தது, அவள் இழுக்கவில்லை. முதலாளி கடைசிச் சரணத்துக்குக் காத்திருக்காமல் எழுந்து போனார். ஒப்பந்தமும் அவரோடு போயிற்று.

காரில் தங்கை கேட்டாள். "மறந்துட்டியா?"

"இல்லையே."

"பின்ன ஏன்க்கா?"

"அந்தக் கண்ணாடிய ஏத்து. சில்லுனு காத்து வருது."

மறு வாரமே மண்டபத்துக்குத் திரும்பினாள். அங்கேயும் அந்தப் பாட்டைக் கேட்கிறார்கள். பாடுகிறாள், ஒரே மூச்சில்.