லூனாஸ் குணசுந்தரி எழுதிய பரீட்சை

படிப்பு இலவசமாம். உலகத்தில் எந்த மூலையில் இருப்பவரும் வீட்டிலிருந்தே படித்து முன்னுக்கு வரலாமாம். இந்த வாய்ப்பந்தலை நம்பி மோசம் போனவள் மலேசியாவில் லூனாஸ் ஊர்க்காரி குணசுந்தரி.

கூலிம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அவள் ஆப்பரேட்டர். பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையான எஸ்பிஎம் முடித்த கையோடு சேர்ந்தவள், கல்யாணமாகியும் அதே வேலைதான். தரச் சோதனைப் பிரிவில் ஓர் இடம் காலியானபோது, ஆள் எடுக்கும் பிரிவிலிருந்த ரூபினி கூப்பிட்டுச் சொன்னாள்: "ஃப்ரீ ஆன்லைன் கோர்ஸ் இருக்குக்கா. பாஸ் பண்ணிட்டா அந்த இடம் உங்களுக்குத்தான்."

குணசுந்தரி விழுந்து விழுந்து படித்தாள். சிஃப்ட் முடிந்து வந்து, சோறு கொதிக்கும்போதே கைப்பேசியில் பாடம் கேட்டாள். இங்கிலீஷ் புரியாத இடத்தில் நிறுத்தி, திரும்பத் திரும்பப் போட்டாள். இதுகூடத் தெரியாதா என்று யாரும் முகம் சுளிக்கவில்லை. அவளுக்கு அதில் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

கடைசிப் பரீட்சை, காப்பி அடிக்கிறாளா என்று பார்க்கும் கேமரா முன்னால். "நான் எழுதுறப்போ பேசிடாதீங்க" என்று கணவன் புவனேசனிடம் சொல்லிவைத்தாள். அவனும் பேசவில்லை. கோயிலுக்குப் போய் அவள் பெயரில் அர்ச்சனை செய்தான். அவள் எழுதிக்கொண்டிருக்கும்போதே பூனைபோல வந்து, நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, வந்த வழியே போய்விட்டான்.

அவ்வளவுதான், திரை நின்றுவிட்டது. வேறொருவர் உதவினாராம், பரீட்சை ரத்தாம், இனி அவள் அங்கே படிக்கவே முடியாதாம்.

அடப்பாவிகளா! திருநீறு பூசினால் விடை தெரிந்துவிடுமா? அப்படியானால் எங்கள் பிள்ளைகள் அத்தனை பேரும் இந்நேரம் டாக்டராகியிருப்பார்களே!

நடந்ததை விளக்கி கோர்ஸ் நடத்துகிறவர்களுக்கு எழுதினாள். திரையில் வந்த அறிவிப்பையே மறுபடியும் அனுப்பினார்கள். இன்னொரு முறை எழுதினாள், அப்போதும் அதேதான். லட்சம் பேருக்குப் பாடம் நடத்தத் தெரிந்தவர்களுக்கு, ஒருத்தி சொல்வதைக் கேட்க ஓர் ஆள் வைக்கத் தெரியவில்லை.

புவனேசனுக்குச் சோறு இறங்கவில்லை. "எல்லாம் என்னாலதான்."

"நீங்க என்னங்க தப்பு செஞ்சீங்க? பேசாம சாப்புடுங்க!" என்று அதட்டினாள்.

திங்கட்கிழமை ரூபினி முன்னால் போய் உட்கார்ந்தாள். "எந்தப் பாடத்துல வேணும்னாலும் கேள்வி கேளுங்க மிஸ். இப்பவே பதில் சொல்றேன்."

"அப்படிச் செய்ய முடியாதுலா அக்கா. நீங்க காப்பி அடிச்சீங்கன்னுதானே போட்டிருக்கு? மேனேஜர் வேற ஆள் எடுக்கச் சொல்லிட்டாரு." ரூபினி குரலைத் தாழ்த்தினாள். "அடுத்த வருசம் வேற கோர்ஸ் எடுங்க. அன்னிக்கு மட்டும் வீட்ல யாரும் இல்லாம பாத்துக்குங்க."

படித்துப் பெற்றது கள்ளி என்ற பெயர். அதற்கு மேல் இந்தப் புத்திமதி வேறு! குணசுந்தரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நின்றாள்.

"அடுத்த வருசமும் எனக்குப் புருசன் இருப்பாரு மிஸ். அப்பவும் நான் பாஸ் பண்ணணும்னுதான் அவரு நெனைப்பாரு."